கழற்றும் முன் ஒரு கம்ப்ரெஷன் கேஜ்

பழைய அம்பாசிடரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், இரண்டாம் நாளே இந்தப் பேச்சு வந்துவிடும்: "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்ணா. ஒரு இசுசு செட்டைத் தூக்கி வெச்சரலாம், நிம்மதியா ஓட்டலாம்." பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, இசுசு என்ற ஜப்பான் கம்பெனியின் இன்ஜினை வைப்பதைத்தான் சொல்கிறார்கள். கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, கரூர் எங்கே போனாலும் இதே வசனம்தான். சொல்கிறவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அந்த வேலை கைப்பழக்கம். பழைய இன்ஜினைப் பிரித்து அளந்து கட்டுவதற்கோ நாளும் பொறுமையும் வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லும் முன் அவர் எதையாவது அளந்தாரா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார். சத்தத்தைக் கேட்டிருப்பார், புகையைப் பார்த்திருப்பார், மேட்டில் இழுக்கவில்லை என்று நீங்கள் சொன்னதைக் கேட்டிருப்பார். இவற்றில் எதுவுமே இன்ஜினை மாற்றப் போதுமான காரணம் ஆகாது.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் அம்பாசிடரின் 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினைப் பற்றி. கொங்கு நாட்டில் மில் வாசலிலும் தோட்டத்து வாசலிலும் அதிகம் நின்ற வண்டி அது. ஃபியட் 1100, பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது இது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்த வேண்டும். 4 பிளக்கையும் கழற்றிவிட்டு, காயிலுக்குப் போகும் ஒயரை எடுத்துவிட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது, நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரி காட்டும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கேஜை மாட்டி, முள் ஏறுவது நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, நான்கையும் தாளில் எழுதுங்கள். எவ்வளவு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) என்பதைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 120, 118, 122, 114 என்று வந்தால் அந்த இன்ஜினுக்கு ஆயுள் இருக்கிறது. 120, 118, 75, 78 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கக்கூடும், ஒரு நாள் வேலை. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு. வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் எடுத்தால் போதும், பிளாக்கைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல் தனியாக ஒரு கேஜ் மாட்டிப் பாருங்கள். இந்த இன்ஜின் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ பக்கமும், ஐடிலிங்கில் 15 பக்கமும் காட்டினால் பேரிங் பற்றிக் கவலை வேண்டாம். ஓட்டத்திலேயே 25, 30 என்று விழுந்தால் மெயின் பேரிங், பிக் எண்ட், ஆயில் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். அப்போதுகூடப் பேச்சு கிராங்க் ஷாஃப்ட்டைச் சாணை பிடிக்கும் கிராங்க் கிரைண்டிங்கைப் பற்றித்தான். இன்ஜினை மாற்றுவதைப் பற்றியல்ல.

ஆயில் ஒழுக்கு ஒரு தனிக் கதை. "பின்னாடி ஆயில் ஒழுகுது, இன்ஜின் முடிஞ்சுது" என்று தள்ளப்பட்ட அம்பாசிடர்கள் நிறைய. இந்த இன்ஜினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அந்தப் பள்ளம் வெளியே வரும் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். வண்டி நின்றால் பள்ளத்துக்கும் வேலை இல்லை, நாலு சொட்டு விழத்தான் செய்யும். அதிகமாக விழுந்தால் முதலில் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். பிரீதர் சுத்தமாக இருந்தும் புஸ்புஸ் என்று புகை வந்தால் ரிங் தேய்மானம். அதைக் கம்ப்ரெஷன் டெஸ்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

"இழுக்கலை" என்ற புகாருக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் 2,240 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அதே அளவு சக்தியை இழக்கும். 55 குதிரைத்திறன் அங்கே 44 ஆகிவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, கீழே கொடுத்த அளவுக்கே பெட்ரோலைக் கொடுக்கும், கலவை கெட்டியாகிப் பிளக் கறுக்கும். மலையில் இழுவை குறைந்தது என்று இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன், பல்லடம் ரோட்டில் சமதளத்தில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இதே 1489 சிசி வண்டிகள் குடும்பத்தோடு, கேரியரில் மூட்டையோடு ஏறியிருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் கேப் 0.4 மில்லிமீட்டர், பிளக் கேப் 0.64 மில்லிமீட்டர், வாக்கம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழியாமல் இருக்க வேண்டும், டைமிங் சரியாக இருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்த்தாலே பாதி வண்டிகளில் புகார் காணாமல் போய்விடும்.

ஹீட் ஆவதற்கும் இன்ஜின் வயதுக்கும் சம்பந்தம் குறைவு. நம் பக்கத்தில் அதற்கு முதல் காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணியை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் கெட்டில் அடியில் படிவது போல உப்பு படியும். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். பிளாக்கின் பின்பக்கம், 4-வது சிலிண்டரைச் சுற்றி, துருவும் சேறும் தங்கும். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டால் மட்டும் போதாது. கோர் பிளக்குகளை (பிளாக்கின் நீர்வழியை அடைக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து, உள்ளே கம்பி விட்டுச் சுரண்டி, தண்ணீரை அழுத்தத்தில் விட்டுக் கழுவ வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். அது இல்லாத இன்ஜின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். எரியாத பெட்ரோல் போரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், ரிங் சீக்கிரம் தேயும். ஃபியட்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணி அதன் நீர்வழிகளை அரித்துவிடும், ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும்.

இப்போது பெட்ரோல். நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. அதுவரை ஈயம்தான் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஹெட்டை எப்படியும் எடுக்கிறீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் 4 இடத்திலும் கெட்டியான சீட் இன்சர்ட் போட்டுவிடுங்கள். டாப்பெட் கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே வருகிறது என்றால் வால்வு ஹெட்டுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்தது இப்போது பெட்ரோலில் கலந்து வரும் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் விறைக்கும், நாள் கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது சின்ன செலவு. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) கலவை நீர்த்துப்போகும், பிளக் வெளுக்கும், எக்ஸாஸ்ட் வால்வு சுடும். சுமார் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட்டின் எண் அதன் துளையை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 115 ஜெட் இருந்த இடத்தில் 120 போட்டால் துளையின் பரப்பு 9 சதவீதம் கூடும். அவ்வளவுதான் கணக்கு. சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் திடீரென்று நின்று, அரை மணி கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கும் இன்ஜின் கோளாறு இல்லை. பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. எக்ஸாஸ்ட்டுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு வைத்து மறையுங்கள்.

தோட்டத்துச் சாளையில் பல வருஷம் நின்ற வண்டி என்றால் முதல் ஆபத்து டிராக்டர். கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். இறுகிய பிஸ்டனை அப்படி இழுத்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும், அசல் இன்ஜினைக் காப்பாற்றும் வாய்ப்பு அந்த ஒரு இழுப்பில் போய்விடும். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் சம அளவு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் நான்காம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். சுற்ற ஆரம்பித்ததும் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிச் சேற்றை வழித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அளந்ததில் போர் தேய்மானம் தெரிகிறதா? கோவையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே அல்ல. பம்ப் செட்டும் மோட்டாரும் வார்த்துப் பழகிய ஊர் இது. தேய்ந்த துளையைப் பெரிதாக வெட்டும் ரீபோர், துளைக்குள் புது உறை அடிக்கும் லைனர், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் தெருவுக்குத் தெரு செய்வார்கள். ஆனால் எப்படிச் செய்யச் சொல்வது என்று நீங்கள் தெரிந்து போக வேண்டும்.

இந்த இன்ஜினின் போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. ஓவர்சைஸ் பிஸ்டன் அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்று வரும். பட்டறையில் வெறுமனே பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். ரிங் விளிம்புக்குச் சற்றுக் கீழே போர் கேஜ் வைத்து, வண்டியின் அகலவாக்கில் ஒருமுறையும் நீளவாக்கில் ஒருமுறையும் அளந்தால் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிகிறது என்றால் ரீபோர். நாற்பதைத் தாண்டிய பிளாக்குக்கு லைனர் அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவரலாம். நாற்பது போட்டால் இன்ஜின் பெரிதாகிவிடும், பவர் கூடும் என்பார்கள். கணக்குப் போட்டால் 1489 சிசி 1531 ஆகும். 42 சிசி கூடும், ஓட்டும்போது யாருக்கும் தெரியாது.

பிஸ்டன் செட்டை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே போர் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ப அந்தந்த போரை வெட்ட வேண்டும். எண்ணை மட்டும் நம்பி முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால் ஒன்று இறுகும், இல்லை தட்டும். போரைக் கடைசியாகக் கல்லால் தேய்க்கும் ஹோனிங்கின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். போரைப் பளபளவென்று மெருகேற்றிக் கொடுப்பது அழகு, ஆனால் ரிங் அமராது, ஆயில் குடிக்கும். ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ரிங் முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.2 முதல் 0.33 மில்லிமீட்டர் வரை சரி. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். கிராங்க் கிரைண்ட் செய்யும்போது ஜர்னலின் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) இரு ஓரத்திலும் உள்ள வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைச் சதுர மூலையாக வெட்டிவிட்டால் கிராங்க் பிற்பாடு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். பிளாக்கை அனுப்பும் முன் ஆயில் வழிகளின் மூடித் திருகுகளைக் கழற்றிக் கொடுங்கள். அதற்குள் தங்கிய கிரைண்டிங் தூள் புதுப் பேரிங்கைச் சில நாளில் தின்றுவிடும்.

ரீபில்டா, மாற்றா என்று இன்னும் தடுமாறினால் ஆர்.சி. புக்கை எடுத்து முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டி இதில் வரும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப்போக, அவ்வளவுதான். தினமும் ஓட்டுவேன் என்பவர்கள் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வழி. என் கருத்து: 50-ஐ நெருங்கும் வண்டியில் இன்ஜினை மாற்றுவது, கதவு திறக்கப்போகும் நேரத்தில் சாவியைக் கிணற்றில் போடுவதுதான்.

சாதாரண ஆர்.சி. என்றாலும் சட்டம் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று இன்ஜின் எண் பொருந்தவில்லை என்று கிளெய்மைத் தள்ளிவிட அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பழைய எண் தகட்டைப் பெயர்த்துப் புது பிளாக்கில் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலை. பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரிக் வண்டியாக மாற்றுவதானால் உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் மட்டுமே செல்லும்.

அசல் இன்ஜினை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய மாற்றங்கள் பல. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் மாட்யூல் அந்த நொடியே எரிந்துவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன், திருகி மாட்டும் ஆயில் ஃபில்டர் எல்லாமே திரும்பக் கழற்றக்கூடியவை. கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், டைனமோ பிராக்கெட்டை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

80-ல் போனால் இன்ஜின் கத்துகிறது என்பவர்களுக்கு இன்ஜினை விட்டுவிட்டு கியர் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளங்கள். 2.07 மீட்டர், ஹவுசிங் ரேஷியோ (பின் அச்சின் டிஃபரென்ஷியல் கியர் விகிதம்) 4.5 என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,900 சுற்று சுற்றும். 0.85 ஐந்தாம் கியர் இருந்தால் 2,460-க்கு இறங்கும். ஆனால் ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் கியர் தரைக்கு வரும், தரைத் தகட்டை வெட்ட வேண்டும், முன்சீட்டில் மூன்று பேர் உட்காரும் சௌகரியமும் போகும். அம்பாசிடரில் எனக்குப் பிடித்ததே அந்த முன்சீட்டுதான்.

சரி, பிளாக் வெடித்துவிட்டது, விரிசலுக்கு உலோகத் தையல் போட்டும் நிற்கவில்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றால்? முதல் தேர்வு அதே 1489 சிசி இன்னொரு பிளாக். உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடலாம், ஆனால் பில் வாங்கி, எண்ணைக் குறித்து, ஆர்.டி.ஓ.வில் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கம்பெனியே 1990-களில் அம்பாசிடரில் வைத்துத் தந்த 1817 சிசி இசுசு. ஃபியட்டுக்கு அப்படிப் பார்த்தால் பிரீமியர் 118என்இ காரில் வந்த 1171 சிசி நிசான். அதற்கு மேல் டெம்போ டீசல், வேன் இன்ஜின் என்று போகிறவர்கள் கீழே உள்ளவற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

டீசல் இன்ஜின் கனம். அம்பாசிடரின் முன்பக்க டார்ஷன் பார் இறங்கிவிடும், ஸ்டீரிங் கனக்கும். டீசலில் பெட்ரோல் இன்ஜின் போல இன்டேக் வாக்கம் கிடையாது. பிரேக் பூஸ்டர் இருந்தால் வாக்கம் பம்ப் தனியாக வேண்டும், மறந்தால் மலை இறக்கத்தில் பெடல் கல்லாகிவிடும். பழைய கியர் பாக்ஸோடு புது இன்ஜினைச் சேர்க்க வைக்கும் அடாப்டர் பிளேட்டில்தான் அதிகம் கெடுகிறது. கிராங்க்கில் டயல் கேஜ் மாட்டிச் சுற்றினால், பெல் ஹவுசிங் துளையில் முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் முதலில் கிளட்ச் அதிரும், பிறகு கியர் பாக்ஸ் முன் பேரிங் கூவும், கடைசியில் டாப் கியர் தானாகக் கழன்று விழும். பட்டறையில் வெல்டிங் மட்டும் வைத்து, கண் மதிப்பில் செய்த பிளேட் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் 60, 70 வேகத்தில் வண்டி முழுக்க உதறும், வீல் பேலன்ஸ் செய்தாலும் நிற்காது. சம்ப் கிராஸ் மெம்பரில் இடித்தால் அதை வெட்டி ஒட்டுவார்கள். அப்போது ஆயில் உறிஞ்சும் குழாயையும் ஆழமான பக்கத்துக்கு நகர்த்தினார்களா என்று கேளுங்கள். நகர்த்தாவிட்டால் திம்பம் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும். பவர் கூடினால் நாலு சக்கர டிரம் பிரேக்கும் போதாது. முன்னால் டிஸ்க் போடாமல் இன்ஜினை மட்டும் மாற்றித் தருகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் சேஸியையோ மவுண்டையோ வெட்டாமல், போல்ட்டில் மாட்டும் பிராக்கெட்டாகச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய அசல் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடவே வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்து, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி, பிளக்கை மாட்டி, கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் வாய்களைத் தகடு வைத்து மூடுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் கிரீஸ் தடவி, தரையில் படாமல் மரச் சட்டத்தில் ஏற்றி, தார்ப்பாயில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை கிராங்க்கைக் கால் சுற்று திருப்பி விடுங்கள். எலி கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண் தகட்டை ஃபோட்டோ எடுத்து, பழைய ஆர்.சி. நகலோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.